தோற்காத சட்டமன்ற உறுப்பினரும் தீராத மதுவிலக்கும்

ஒரே மனிதர் எத்தனை ஆண்டுகள் மக்கள் பிரதிநிதியாக இருக்க முடியும்? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பெயர் ஜான் டிங்கல். மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த இவர், தந்தை இறந்ததால் காலியான இடத்தில் 1955 டிசம்பரில் வென்று பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார். 2015 ஜனவரியில்தான் வெளியே வந்தார். மொத்தம் 59 ஆண்டுகள்! அமெரிக்க நாடாளுமன்ற வரலாற்றில் இவ்வளவு காலம் உறுப்பினராக இருந்தவர் வேறு யாரும் இல்லை.

தமிழ்நாட்டில் அதே கேள்விக்கு விடை மு. கருணாநிதி. 1957-இல் முதல் வெற்றி, 2016-இல் கடைசி வெற்றி. மொத்தம் 13 முறை சட்டமன்றத் தேர்தலில் நின்றார், 13 முறையும் வென்றார். 2018-இல் இறந்தபோதும் அவர் திருவாரூர் தொகுதியின் உறுப்பினர்தான். ஐந்து முறை முதலமைச்சர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதலமைச்சர் நாற்காலியில் அவர் இருந்தது ஏறத்தாழ 19 ஆண்டுகள்தான். சட்டமன்ற வாழ்வோ அதைவிட மிக நீளமானது.

இவ்வளவு நீண்ட வாழ்வில் ஒரு சட்டம் மட்டும் அவரை விடாமல் துரத்தியது. அது மதுவிலக்குச் சட்டம். அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 2024-இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த சாவுகள் அந்தச் சட்டத்தை மீண்டும் அவைக்குக் கொண்டு வந்தன. கலைஞரின் சட்டமன்ற வாழ்க்கையையும், அந்தச் சட்டத்தின் கதையையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருக்குவளையிலிருந்து குளித்தலைக்கு

கருணாநிதி 1924 ஜூன் 3 அன்று அப்போதைய தஞ்சை மாவட்டத்தின் திருக்குவளையில் பிறந்தார். பெற்றோர் முத்துவேலர், அஞ்சுகம். இயற்பெயர் தட்சிணாமூர்த்தி. திருவாரூரில் பள்ளிப் படிப்பு. பள்ளி இறுதித் தேர்வில் அவரால் தேற முடியவில்லை. ஆனால் படிக்கும் வயதிலேயே கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். 1942-இல் 'முரசொலி'யைத் துண்டறிக்கையாகத் தொடங்கினார். 1949-இல் அண்ணா தி.மு.க.வைத் தொடங்கியபோது உடன் சென்றார். 1952-இல் வெளிவந்த 'பராசக்தி' படத்தின் வசனம் அவரை ஊர் ஊராக அறிமுகம் செய்து வைத்தது. 1953-இல் டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என மாற்றக் கோரி தண்டவாளத்தில் படுத்துச் சிறை சென்றார்.

தி.மு.க. முதன்முதலில் தேர்தலில் நின்றது 1957-இல். அந்தத் தேர்தலில் 15 பேர் வென்றனர். குளித்தலையில் வென்ற கருணாநிதி அவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 32. குளித்தலைத் தொகுதியில் நங்கவரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெரிய பண்ணை நிலத்தில் உழுத விவசாயிகளுக்கும் பண்ணைக்கும் இடையே குத்தகைத் தகராறு நடந்துகொண்டிருந்தது. அவைக்குள் நுழைந்ததும் அவர் கையில் எடுத்த பிரச்சனை அதுதான். அவையில் பேசியதோடு நிற்காமல், களத்திலும் விவசாயிகளோடு நின்றார். ஒரு தொகுதியின் குறையை அவையில் ஒலிக்கச் செய்வது என்ற உறுப்பினரின் அடிப்படை வேலையை அவர் கற்றுக்கொண்டது அங்கேதான் எனலாம்.

தொகுதிகள் மாறின, வெற்றி மாறவில்லை

டிங்கல் கடைசிவரை டெட்ராய்ட் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு விலகவில்லை. கருணாநிதி அப்படியல்ல. அவர் வென்ற தொகுதிகள் இவை:

1957 – குளித்தலை
1962 – தஞ்சாவூர்
1967, 1971 – சைதாப்பேட்டை
1977, 1980 – அண்ணா நகர்
1989, 1991 – துறைமுகம்
1996, 2001, 2006 – சேப்பாக்கம்
2011, 2016 – திருவாரூர்

இந்தப் பட்டியலைப் பார்த்தால் எல்லாம் எளிதான வெற்றி போலத் தோன்றும். உண்மை வேறு. 1980-இல் அண்ணா நகரில் எச்.வி. ஹண்டேயை அவர் வென்றது வெறும் 699 வாக்கு வித்தியாசத்தில். 1991-இல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் நடந்த தேர்தலில் தி.மு.க. அடியோடு சாய்ந்தது. கட்சிக்குக் கிடைத்தது இரண்டே இடங்கள். துறைமுகத்தில் கருணாநிதி 890 வாக்குகளில் தப்பினார். ஆனால் கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று உடனே பதவி விலகினார். அதற்கு முன் 1983-இலும் ஈழத் தமிழர் பிரச்சனைக்காக அவரும் க. அன்பழகனும் பதவி விலகியிருக்கிறார்கள். 1984 பொதுத் தேர்தலில் அவர் நிற்கவில்லை. அப்போது மேலவை உறுப்பினராக இருந்தார். 1986-இல் மேலவையே கலைக்கப்பட்டது.

எனவே 1957 முதல் 2018 வரை இடைவிடாமல் அவர் சட்டப்பேரவையில் இருந்தார் என்று சொல்வது தவறு. இடைவெளிகள் உண்டு. அவரது ஆட்சி இரண்டு முறை, 1976 ஜனவரி 31 அன்றும் 1991 ஜனவரி 30 அன்றும், மத்திய அரசால் கலைக்கப்பட்டது. ஆனால் நின்ற தேர்தலில் தோற்றதில்லை என்பது மட்டும் உண்மை. கடைசித் தேர்தலில், 92-ஆம் வயதை நெருங்கிய நிலையில், சக்கர நாற்காலியில் இருந்தபடியே 68,366 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அவையில் பிறந்த சட்டங்கள்

அண்ணா 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். பிப்ரவரி 10 அன்று கருணாநிதி முதலமைச்சரானார். அடுத்த சில ஆண்டுகளில் வேகமாகச் சட்டங்கள் வந்தன. நில உச்சவரம்பு 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைக்கப்பட்டது. குடிசை மாற்று வாரியம் அமைந்தது. மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டது. பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கும் சட்டத் திருத்தம் 1970-இல் நிறைவேறியது. 1974 ஏப்ரலில் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேறியது.

இவற்றையெல்லாம்விட வீட்டுக்குள் நுழைந்து மாற்றம் செய்த சட்டம் ஒன்று உண்டு. குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே உரிமை மகளுக்கும் உண்டு என்று 1989-இல் அவரது அரசு கொண்டு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தம். ஆந்திரம் இதை முன்பே செய்திருந்தது. இந்தியா முழுவதற்கும் இது வந்தது 2005-இல்தான். தமிழ்நாட்டுப் பெண்கள் 16 ஆண்டுகள் முன்னதாகவே அந்த உரிமையைப் பெற்றார்கள்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததாகக் குறிக்கப்பட்ட நாள் 1989 மார்ச் 25. அதே நாளில்தான் நிதிநிலை அறிக்கையின்போது பேரவைக்குள் கைகலப்பு நடந்தது. தன் சேலை பிடித்து இழுக்கப்பட்டதாக எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா குற்றம் சாட்டினார். தி.மு.க. அதை மறுத்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் மிக மோசமான நாள் என்று அதைச் சொல்பவர்கள் பலர். பெண்ணுக்குச் சொத்துரிமை தொடங்கிய தேதியும், அவைக்குள் ஒரு பெண் உறுப்பினர் கலைந்த தலையோடு வெளியேறிய தேதியும் ஒன்றே!

பின்னாளில் 2009-இல் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீத இடஒதுக்கீட்டுக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டமும் அவரது அரசு செய்ததுதான். இப்படிப்பட்ட உட்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

1971: திறந்த கதவு

இனி மதுவிலக்குக்கு வருவோம். இதன் தொடக்கம் கருணாநிதிக்கு முந்தியது. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி 1937-இல் மதுவிலக்குச் சட்டத்தைக் கொண்டு வந்தார். அது முதலில் அமலானது சேலம் மாவட்டத்தில். கல்வராயன் மலையின் ஒரு பகுதி இன்றும் சேலம் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மது வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டு வரப்பட்டது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது.

1971 தேர்தலில் தி.மு.க. 184 இடங்களில் வென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தள்ளி வைத்தது. காரணம் பணம். புதிதாக மதுவிலக்கைக் கொண்டு வரும் மாநிலங்களுக்கு மத்திய அரசு உதவித் தொகை அறிவித்தது. ஏற்கனவே மதுவிலக்கை நடத்திக்கொண்டிருந்த தமிழ்நாட்டுக்கு அது கிடைக்கவில்லை. சுற்றியுள்ள மாநிலங்களில் மது ஓடும்போது நடுவில் தமிழ்நாடு மட்டும் கற்பூரம் போல எப்படி எரியாமல் இருக்கும் என்பது அவரது வாதம். முதிய ராஜாஜி நேரில் வந்து, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அரசு கேட்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை. நிறுத்தி மட்டுமே வைக்கப்பட்டது. அதனால்தான் இன்றுவரை மது விற்பதைக் கவனிக்கும் துறைக்கே மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை என்று பெயர்!

அந்த முடிவில் கருணாநிதியே நிலைத்து நிற்கவில்லை. 1973-இல் கள்ளுக்கடைகளையும், 1974-இல் சாராயக் கடைகளையும் அவரே மூடினார். ஆனால் கிட்டத்தட்ட ஒரு தலைமுறையே குடிக்காமல் வளர்ந்த மாநிலத்தில் அந்த மூன்றாண்டுகள் போதுமானதாக இருந்தன. கடை மூடினாலும் பழக்கம் மூடவில்லை.

மலிவு விலை மது முதல் 2016 வாக்குறுதி வரை

அதற்குப் பின் வந்த எந்த ஆட்சியும் இந்தச் சுழலிலிருந்து தப்பவில்லை. மதுவிலக்கைக் கடுமையாக்கிய எம்.ஜி.ஆர். 1981-இல் கடைகளைத் திறந்தார். 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1987-இல் கள்ளும் சாராயமும் மீண்டும் தடை செய்யப்பட்டன. மூன்றாம் முறை முதலமைச்சரான கருணாநிதி, கள்ளச்சாராயத்தைத் தடுக்க என்று சொல்லி 1990-இல் மலிவு விலை மதுவைக் கொண்டு வந்தார். 1991-இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா போட்ட முதல் கையெழுத்து அதை ஒழிக்கத்தான். ஆனால் அதே ஜெயலலிதாவின் அரசுதான் 2003-இல் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக்கிடம் கொடுத்தது. 2006-இல் மீண்டும் முதலமைச்சரான கருணாநிதி அதை மாற்றவில்லை. கடைகளும் வருமானமும் வளர்ந்தன.

ஆக, 1971-க்குப் பிறகு இரு பெரிய கட்சிகளும் மாறி மாறிக் கடையைத் திறந்திருக்கின்றன, மூடியிருக்கின்றன. பழியை ஒருவர் தலையில் மட்டும் போடுவது நியாயமாகாது. ஆனால் முதல் கதவைத் திறந்தவர் யார் என்ற கேள்வி வரும்போதெல்லாம் கருணாநிதியின் பெயர்தான் வந்தது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. 2015 ஜூலையில், தி.மு.க. ஆட்சிக்கு வந்தால் மதுவிலக்கு கொண்டு வரப்படும் என்று அறிவித்தார். 2016 தேர்தல் அறிக்கையிலும் அந்த வாக்குறுதி இடம்பெற்றது. அந்தத் தேர்தலில் தி.மு.க. 89 இடங்கள் பெற்றும் ஆட்சியைப் பிடிக்கவில்லை. 13-ஆம் முறை வென்ற உறுப்பினருக்கு, 45 ஆண்டுகளுக்கு முன் தான் எடுத்த முடிவைத் திருத்தும் வாய்ப்பு கிடைக்காமலே போனது. 2018 ஆகஸ்ட் 7 அன்று அவர் காலமானார்.

கருணாபுரம்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கருணாபுரம் அந்த மாவட்டத் தலைநகருக்குள்ளேயே இருக்கும் குடியிருப்பு. பெரும்பாலும் தினக்கூலி வேலை செய்யும் மக்கள். எட்டாத காட்டுக்குள் இருக்கும் ஊரல்ல அது. காவல் நிலையம், நீதிமன்றம் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன.

மேற்கே கல்வராயன் மலை. வெல்லத்தையும் மரப்பட்டையையும் ஊறவைத்துக் காய்ச்சும் சாராயம் அங்கிருந்து கீழே இறங்குவது பல காலமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் 2024 ஜூன் 18 அன்று கருணாபுரத்தில் பாக்கெட்டில் விற்கப்பட்டது அதுவல்ல. மெத்தனால் கலந்த விஷம். மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படும் ஒரு வேதிப்பொருள். பார்வைக்குச் சாதாரண ஆல்கஹால் போலவே இருக்கும். உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண் நரம்பைத் தாக்கும். பிறகு உயிரையே எடுக்கும். வயிற்றுவலி, வாந்தி, கண் தெரியவில்லை என்று மக்கள் மருத்துவமனைக்கு ஓடினார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று பல இடங்களில் சிகிச்சை நடந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெண்களும் உண்டு. தாய், தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளும் உண்டு.

டாஸ்மாக் கடைகள் இருக்கும்போது ஏன் இதைக் குடித்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. விடை எளிது. விலை. டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டர் வாங்கும் பணத்தில் இங்கே ஒன்றுக்கு மேற்பட்ட பாக்கெட்டுகள் வாங்கலாம். நாள் முழுக்க மூட்டை தூக்கியவருக்கு அந்த வித்தியாசம் பெரியது. அரசு மது விற்றால் கள்ளச்சாராயம் ஒழியும் என்பது அரைநூற்றாண்டாகச் சொல்லப்படும் வாதம். 2001-இல் பண்ருட்டிப் பகுதியில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும், 2023-இல் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் கடைகள் திறந்தேதான் இருந்தன. மறுபக்கம், முழு மதுவிலக்கு இருந்தால் சாவு நடக்காது என்பதும் உண்மையல்ல. மதுவிலக்கு உள்ள குஜராத்திலும் பீகாரிலும் இதே மெத்தனால் பலரைக் கொன்றிருக்கிறது. இரண்டு பக்கமும் வசதியாகச் சொல்லும் வாதங்கள் கருணாபுரத்தில் நிற்கவில்லை.

அப்போது சட்டமன்றம் நடந்துகொண்டிருந்தது. அ.தி.மு.க. உறுப்பினர்கள் கறுப்புச் சட்டையில் வந்து முழக்கமிட்டனர். பின்னர் அந்தக் கூட்டத்தொடர் முழுவதற்கும் இடைநீக்கம் செய்யப்பட்டனர். இறந்தவர்களின் குடும்பத்துக்கு தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைந்தது. ஜூன் 29 அன்று, 1937-ஆம் ஆண்டின் அதே மதுவிலக்குச் சட்டத்தில் திருத்தம் நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை கிடைக்கும் என்று தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. ராஜாஜி கொண்டு வந்த சட்டம், கருணாநிதி நிறுத்தி வைத்த சட்டம், அவரது மகன் மு.க. ஸ்டாலின் முதலமைச்சராக இருந்தபோது திருத்தப்பட்டது. 87 ஆண்டுகள் ஆகியும் அவை அதை முடித்தபாடில்லை.

நீண்ட காலத்தின் பயன் என்ன?

அமெரிக்காவின் இன்னொரு மூத்த உறுப்பினர் ராபர்ட் பைர்ட். மேற்கு வர்ஜீனியாவிலிருந்து 51 ஆண்டுகள் செனட் சபையில் இருந்தவர். 1964-இல் கறுப்பின மக்களுக்கான குடிமை உரிமைகள் சட்டத்தைத் தடுக்க 14 மணி நேரத்துக்கும் மேல் நின்று பேசினார். இளமையில் கு கிளக்ஸ் கிளானிலும் இருந்தவர். ஆனால் 2010-இல் இறக்கும் வரை அவையில் இருந்ததால், அவை தவறு என்று பலமுறை வெளிப்படையாகச் சொல்லவும், வேறு விதமாக வாக்களிக்கவும் அவருக்குக் காலம் கிடைத்தது.

கருணாநிதிக்கும் அந்தக் காலம் கிடைத்தது. சில விஷயங்களில் அதை நன்றாகப் பயன்படுத்தினார். நங்கவரத்தில் உழுபவனுக்காகத் தொடங்கியவர், மகளுக்குச் சொத்திலும் அருந்ததியருக்கு வேலையிலும் பங்கு கொடுக்கும் வரை வந்தார். அந்தச் சட்டங்கள் அவருக்குப் பிறகும் யாரும் கைவைக்காமல் வாழ்கின்றன. மதுவில் மட்டும் திறந்தார், மூடினார், மலிவாக்கினார், கடைசியில் மூடுவதாக வாக்களித்தார். அந்தத் தடுமாற்றம் அவருடையது மட்டுமல்ல. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தினுடையதும்தான்.

ஒரு சட்டத்தை நிறுத்தி வைக்க ஒரு நாள் போதும். அதனால் குறைந்த வருமானத்தில் வாழும் குடும்பங்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க ஐம்பது ஆண்டுகள்கூடப் போதவில்லை. 13 வெற்றிகள் சாதனைதான், மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சாதனையைப் பற்றிப் பேசும்போது நங்கவரத்து உழவரோடு கருணாபுரத்துக் கூலித் தொழிலாளரையும் சேர்த்தே பேச வேண்டும். அப்போதுதான் அறுபது ஆண்டு சட்டமன்ற வரலாறு முழுமையாகும்.